மண்ணில் தங்கிய உலோகம்: பழனி மலையும் கம்பம் பள்ளத்தாக்கும்

மண்ணில் கலக்கும் நஞ்சுகள் எல்லாம் ஒரே இயல்பின அல்ல. பூச்சிக்கொல்லி, எண்ணெய்க் கழிவு போன்ற கரிமப் பொருள்கள் நுண்ணுயிர்களாலும் வெயிலாலும் நாளடைவில் சிதைந்து வேறு பொருள்களாக மாறக்கூடியவை. பாதரசம், ஈயம், காட்மியம், குரோமியம், செம்பு முதலியவையும், உலோகப்போலியான ஆர்செனிக்கும் அவ்வாறு முடிவதில்லை; இவற்றில் நஞ்சு என்பது தனிமமே ஆதலால், எரித்தாலும் அழுகவிட்டாலும் நூறாண்டு கழிந்தாலும் பாதரசம் பாதரசமாகவே இருக்கும். கன உலோகங்கள் என்று பொதுவாகக் குறிக்கப்படும் இவற்றால் கெட்ட நிலத்தைத் தூய்மை செய்வது என்றால், உலோகத்தை மண்ணிலிருந்து பிரித்து வேறிடத்துக்குக் கொண்டுபோகலாம். இருக்கும் இடத்திலேயே நீரில் கரையாத வடிவத்தில் கட்டிவைக்கலாம். இல்லையேல் மனிதரும் நீரும் வேரும் தொடாதபடி மூடிவைக்கலாம். எந்த வழியை எடுத்தாலும் அந்த உலோகம் எங்கோ ஓரிடத்தில் இருந்தே தீரும். ஆகையால் ஒரு நிலம் சுத்தமாகிவிட்டது என்று அறிவிக்கப்படும்போது, எவ்வளவு மிச்சம் விடப்பட்டது, எடுத்தது எங்கே போயிற்று, போதும் என்று சொன்னவர் யார் என்று கேட்பது அந்த அறிவிப்பைக் கேட்போரின் உரிமையாகிறது.

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கும் பண்ணைப்புரத்துக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல. வடக்கே பழனி மலையின் மேல், கொடைக்கானலில், இந்தியாவில் மிகுதியாகப் பேசப்பட்ட பாதரச மாசு நிகழ்ந்தது. அங்கிருந்து இறங்கும் நீர் தேனி மாவட்டத்துக்குள் வருகிறது. தெற்கே, பெரியாற்று நீரில் இருபோகம் நெல் விளையும் 14,707 ஏக்கரை உள்ளடக்கிய கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கு அடியில், யாரும் மாசு என்று பெயரிடாத செம்பு படிந்துவருகிறது. முன்னது ஆலை விட்டுச்சென்றது. பின்னது பயிரைக் காப்பதற்காக விவசாயி தம் கையாலேயே தெளித்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் மண் மீட்பின் முழு அளவும் விளங்கும்.

கொடைக்கானலின் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் சீஸ்பரோ-பாண்ட்ஸ் நிறுவனம் நடத்திவந்த வெப்பமானி ஆலை 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் உள்ள இந்த மலை நகருக்கு இடம் மாற்றப்பட்டது. பின்னர் அது யூனிலீவர் குழுமத்தின் கைக்கு மாறி, இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. கண்ணாடிக் குழலில் அடைக்கப்பட்டபின் வெப்பமானியாகப் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே சென்றது. உடைந்த கண்ணாடியும் சிந்திய பாதரசமும் மலையில் தங்கின. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள காயலான் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடப்பதை ஊர்மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவர, அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு, பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்பப்பட்டது. ஏழை நாடுகளுக்குக் கழிவு வந்து குவிவதே வழக்கமாக இருந்த காலத்தில் அது எதிர்த்திசையில் சென்றது என்பது, மலைமக்களின் விடாமுயற்சிக்குக் கிடைத்த அரிய பலன். தொழிலாளர் உடல்நலம் கெட்டது என்ற குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தே வந்தது. ஆயினும் 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது. கண்ணாடி கப்பலேறியது, தொழிலாளர் வழக்கு முடிந்தது. ஆலைக்குள்ளும் அதன் பின்புறச் சரிவிலும் இருந்த மண் மட்டும் அப்படியே கிடந்தது.

அந்த மண்ணில் பாதரசம் எவ்வாறு இருக்கிறது என்பதை அறியாமல் அதை எடுப்பது பற்றிப் பேச இயலாது. அறை வெப்பத்தில் நீர்மமாக இருக்கும் உலோகம் பாதரசம் ஒன்றே. ஒரு கன சென்டிமீட்டர் பதின்மூன்றரை கிராம் எடையுள்ளது. தரையில் சிந்தினால் முத்து முத்தாக உருண்டோடி, பலகை இடுக்கிலும் கல்லின் வெடிப்பிலும் புகுந்து, அங்கிருந்தபடியே கண்ணுக்குத் தெரியாத ஆவியாகச் சிறுகச் சிறுக வெளியேறும். காற்றோடு சென்று மழையோடு இறங்கும் அந்த ஆவி சோலைக்காட்டின் மண்ணைச் சேரும்போது நிலைமை மாறுகிறது. சோலை மண்ணின் மேலடுக்கு மட்கிய இலையால் கறுத்து, கையில் பிடித்தால் ஈரக் காப்பித்தூள் போல் நொறுங்குவது. அந்த மட்கில் உள்ள கந்தகச் சேர்மங்கள் பாதரசத்தை இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆதலால் உலோகத்தின் பெரும்பகுதி ஆழத்துக்கு இறங்காமல் மேல்மண்ணில், அதிலும் மிக நுண்ணிய துகள்களில் தங்குகிறது. இது நன்மையும் தீமையும் ஒருங்கே ஆகும்: பாதரசம் நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்காது, ஆனால் கனமழையில் முதலில் கரைந்தோடுவதும் அந்த நுண்ணிய மேல்மண்தான்.

ஓடிய மண் ஏரியிலோ குளத்திலோ காற்றுப் புகாத சேறாகப் படியும்போது, அங்குள்ள சிலவகை நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மெத்தில் பாதரசம் என்பது கரிமத்தோடு இணைந்த வடிவம்; உயிரினத்தின் உடலில் எளிதில் புகுந்து, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் மீனிலிருந்து மனிதருக்கும் ஏற ஏறச் செறிவு மிகுவது; மூளையையும் கருவிலுள்ள குழந்தையையும் தாக்குவது. ஹைதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வகம் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கொடைக்கானல் ஏரிச் சேற்றில் கிலோவுக்கு 276 முதல் 350 மைக்ரோகிராம் வரை பாதரசம் இருந்ததையும், தொலைவிலுள்ள கூக்கல் ஏரியில் அது 85 முதல் 91 வரையே இருந்ததையும், ஏரிச் சேற்றுப் பாதரசத்தில் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மெத்தில் வடிவில் இருந்ததையும் பதிவு செய்தது. ஆலையின் சரிவோ ஏரியின் பக்கம் இல்லை. அது பாம்பாற்றுச் சோலையை நோக்கி இறங்குகிறது. அந்தப் பாம்பாறுதான் பெரியகுளத்துக்கு அருகில் கும்பக்கரை அருவியாக விழுவது. மாசு நேர்ந்த இடம் திண்டுக்கல் மாவட்டத்திலும் நீர் இறங்கும் இடம் தேனி மாவட்டத்திலும் இருப்பது, ஆவணங்களில் ஒரு கோடு மட்டுமே. வைகை வடிநிலத்துக்கு அந்தக் கோடு தெரியாது.

இனி மண்ணை எடுத்துத் தூய்மை செய்யும் முறை. கொடைக்கானல் மண்ணுக்கு வகுக்கப்பட்டது, மண் கழுவலும் வெற்றிட வெப்பமூட்டலும் இணைந்த முறையாகும். தோண்டிய மண்ணை நீரில் கலக்கிச் சலிக்கும்போது கல்லும் பருமணலும் பெரும்பாலும் சுத்தமாக ஒருபுறம் ஒதுங்க, பாதரசம் ஏறிய நுண்மண் மறுபுறம் சேறாகத் திரளும். அரிசியைக் களையும்போது கல் அடியில் தங்க உமியும் தூசும் கழுநீரோடு போவதை அறிந்த எவருக்கும் இதன் அடிப்படை விளங்கும். திரண்ட சேற்றை மூடிய கலத்தில் வெற்றிடத்தில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும். சாதாரண காற்றழுத்தத்தில் அதன் கொதிநிலை 357 பாகை செல்சியஸ். வெற்றிடத்தில் அதற்கும் குறைவான வெப்பமே போதும். அந்த ஆவியைக் குளிரவைத்தால் மீண்டும் வெள்ளிநிற நீர்மமாகச் சொட்டும். மண் மீளும், ஆனால் கழுவிச் சுட்ட மண்ணில் மட்கும் இல்லை, உயிரும் இல்லை. அதைத் திரும்பக் கொட்டினால் அது நிலத்தை நிரப்புமேயன்றிச் சோலையை வளர்க்காது.

பாதரசத்தை எடுக்காமல் கட்டிவைக்கும் வழி தமிழ் மரபுக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் ரசத்தைக் கட்டுதல் என்பது ஓடும் உலோகத்தை ஓடாமல் நிறுத்தும் செயலைக் குறிக்கும். சித்தர் போகரின் பெயரோடும் நவபாடாணத்தோடும் இணைத்துப் பேசப்படுவது இதே பழனி மலைத் தொடரே. ரசத்தையும் கந்தகத்தையும் அரைத்துச் சேர்த்தால் கிடைக்கும் கறுப்புப் பொடியும், பதங்கமாக்கினால் கிடைக்கும் சிவந்த லிங்கமும் வேதியியல் கண்ணில் ஒரே பொருள், அதாவது பாதரச சல்பைடு. நீரில் ஏறக்குறையக் கரையாத, சாதாரண வெப்பத்தில் ஆவியாகாத பொருள் அது. இன்றைய தொழில்நுட்பமும் பாதரசக் கழிவை நிலையாக்கக் கந்தகத்தையே நாடுகிறது. பூமிக்குள்ளிருந்து லிங்கமாகத் தோண்டி எடுத்ததை மறுபடி லிங்கமாக்கிப் பூமிக்குள் வைப்பதே பாதரசத்துக்குப் பாதுகாப்பான இருப்பு என்பது இன்று பல நாடுகள் ஏற்ற முடிவு. இதைக் கொண்டு சித்தர்கள் சுற்றுச்சூழல் பொறியியல் அறிந்திருந்தார்கள் என்று வாதிடுவது அவர்களுக்கும் பெருமை சேர்க்காது. ரசம் கட்டுப்படாதவரை ஆபத்து என்ற அறிவு மட்டும் இந்த மண்ணில் பழையது.

முறையைவிடப் பெரிய சர்ச்சை எழுந்தது ஓர் எண்ணைப் பற்றி. கழுவிய பிறகு ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருக்கலாம்? நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஈடுபட்ட நெடும் செயல்முறையில் அந்த எண் பத்து என்றும் இருபத்தைந்து என்றும் பேசப்பட்டு, இருபதில் நின்றது. கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கான வழிகாட்டு அளவு 6.6, பொதுவாக மாசுபடாத மண்ணில் இருப்பதோ 0.1 மில்லிகிராம் அளவுதான். இதைச் சுட்டிக்காட்டிய சூழலியலாளர்கள், மேலை நாட்டு மண்ணுக்கு ஒரு நீதி, கொடைக்கானல் மண்ணுக்கு ஒரு நீதியா என்று கேட்டனர். மறுதரப்பு வாதமும் வெற்று வாதமன்று: அளவைக் கடுமையாக்கினால் தோண்ட வேண்டிய பரப்பு பெருகும், சரிவில் நிற்கும் மரங்கள் வெட்டப்படும், வேர் போன மண் மழையில் சரிந்து பாதரசத்தோடு சோலைக்குள் இறங்கும் என்பது அது. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கும் சென்றது.

இந்த எண்ணைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. இருபது என்பதை எந்தக் கருவியும் மண்ணில் கண்டுபிடிப்பதில்லை. அந்த நிலத்தில் யார் எவ்வளவு நேரம் இருப்பார், எந்த மீனை எவ்வளவு உண்பார், எவ்வளவு ஆபத்தை ஏற்பார் என்ற அனுமானங்களை வரிசையாக வைத்துக் கணக்கிடும்போது கிடைக்கும் விடை அது. அனுமானத்தை மாற்றினால் விடை மாறும். வேலி போட்ட ஆலை வளாகத்துக்கு வரும் காவலாளியை மனத்தில் வைத்தால் ஓர் எண். கும்பக்கரைக்குக் கீழே குளத்து மீனை வாரம் இருமுறை உண்ணும் கருவுற்ற பெண்ணை மனத்தில் வைத்தால் வேறோர் எண். அறிவியல் அந்தக் கணக்கைப் பிழையின்றிப் போட்டுத்தரும். யாரை மனத்தில் வைப்பது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்களில் அடிவாரத்து மக்கள் முதன்மையானவர்கள்.

இவ்வாறு நடந்த இடம் ஒன்று ஜப்பானில் உண்டு. ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் இருந்த காமியோகா சுரங்கத்தின் காட்மியம் பாசன நீரோடு டோயாமா மாநிலத்து நெல்வயல்களில் ஏறி, அரிசி வழியாக உடலில் சேர்ந்து, எலும்பை நொறுங்கச் செய்த நோய்க்கு, நோயாளிகளின் முனகலையே பெயராக்கி இதாய்-இதாய், அதாவது "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அழைத்தனர். வழக்கில் 1972இல் வென்ற மக்கள் இழப்பீட்டோடு நின்றுவிடவில்லை. சுரங்கத்துக்குள் வல்லுநரோடு நுழைந்து சோதிக்கும் உரிமையையும் எழுத்தில் பெற்று, ஆண்டுதோறும் அதைப் பயன்படுத்தினர். கெட்ட மேல்மண்ணை அடியில் புதைத்து, மேலே புதுமண் பரப்பும் பணி 1979இல் தொடங்கி 2012 வரை, முப்பத்து மூன்று ஆண்டுகள் நடந்து 863 எக்டேர் நிலம் மீட்கப்பட்டது. வயலை நம்பி வாழும் கம்பம் பள்ளத்தாக்கினர் நினைவில் கொள்ள வேண்டியது பரப்பளவைவிட அந்த நுழைவு உரிமையை. அளவுகோல் கீழ்நீர் மக்களின் கையில் இருந்ததால்தான் ஆற்று நீரின் காட்மியம் இயற்கை நிலைக்கு அருகில் இறங்கியது.

தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை இதற்கு மறுதலை. அங்குக் குரோமேட் ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை இலட்சம் டன்னுக்கு மேல். குரோமியத்தின் ஆறாம் நிலை நீரில் கரைந்து ஓடும் கொடிய நஞ்சு. மூன்றாம் நிலை மண்ணில் ஒட்டிக்கொள்ளும், நச்சுத்தன்மை மிகக் குறைந்தது. நாட்டு மருந்துக்கடையில் அன்னபேதி என்று கிடைக்கும் இரும்பு சல்பேட்டே முன்னதைப் பின்னதாக மாற்றவல்லது. வேதியியல் இவ்வளவு எளிதாக இருந்தும் அந்தக் குவியல் பல பத்தாண்டுகள் மழையில் நனைந்து கிடந்தது என்பது, தடை ஆய்வுக்கூடத்தில் இல்லை என்பதைக் காட்டும்.

செடிகளால் மண்ணை மீட்கலாம் என்ற செய்தி அடிக்கடி இதழ்களில் வருவதால் அதையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். நியூ கலிடோனியாத் தீவில் ஒரு மரத்தின் பால் நீலப்பச்சை நிறமாக வடிகிறது. உலர்ந்த பாலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிக்கல் என்று 1976இல் வெளியான ஆய்வு சொன்னது. இத்தகைய மிகைத்திரட்டித் தாவரங்கள் உண்மையான அதிசயங்கள். நம் கிணற்றுச் சுவர்களிலும் முளைக்கும் ஒருவகைப் பெரணி ஆர்செனிக்கை இலையில் திரட்டுவது 2001இல் அறியப்பட்டது. ஆனால் பாதரசத்தை அவ்வாறு மிகுதியாக உறிஞ்சும் செடி எதுவும் கைக்கு வரவில்லை. நுண்ணுயிர் மரபணுவைப் புகுத்திய செடிகள் அதை ஆவியாக்கிக் காற்றில் விடுகின்றன, அதாவது இடம் மாற்றுகின்றன. வெட்டிவேர் போன்றவற்றின் பயன் வேறு: ஆழ வேர்விட்டுச் சரிவின் மண்ணைப் பிடித்து நிறுத்துவது. கொடைக்கானல் சரிவுக்கு அந்தப் பயன் சிறிதன்று.

இனிப் பள்ளத்தாக்கின் செம்பு. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பந்தலில் அடிச்சாம்பல் நோயைத் தடுக்கத் தெளிக்கப்படும் போர்டோ கலவை, பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்தே என்ற தாவரவியலாளர் 1885இல் அறிவித்தது; நூறு லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் சேர்ந்தால் ஒரு விழுக்காட்டுக் கலவை. இரும்பு வாளியில் கரைக்கக் கூடாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரோடு சேர்த்துக் கலக்கியபின் துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் நனைத்தெடுத்தால், அலகில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். கத்தியில் படிந்த அந்தச் செந்நிறந்தான் செம்பு. நல்ல கலவையில் அது கத்தியில் படிவதில்லை. இலையில் படிந்து, மழையில் கழுவப்பட்டு, கவாத்து செய்த இலையோடு உதிர்ந்து, பந்தலடி மண்ணைச் சேர்கிறது.

மயில்துத்தத்தில் கால்பங்கு செம்பு. எக்டேருக்கு ஐந்நூறு லிட்டர் தெளித்தால் ஒரு தெளிப்புக்கு ஒன்றேகால் கிலோ செம்பு இறங்கும். ஆண்டுக்கு எட்டுத் தெளிப்பு, இருபத்தைந்து ஆண்டு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 250 கிலோ. ஒரு எக்டேரின் உழவு அடுக்கை இரண்டாயிரம் டன் மண் என்று கொண்டால், கிலோவுக்கு 125 மில்லிகிராம் கூடுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு எக்டேருக்கு 28 கிலோ, சராசரியாக ஆண்டுக்கு நான்கு கிலோ என்று வரம்பு கட்டியிருக்க, இக்கணக்கில் வருவது பத்து கிலோ. செம்பு மனிதருக்குப் பாதரசம் போன்றதன்று. பயிருக்குச் சிற்றளவில் தேவையானதும்கூட. ஆனால் மண்புழுவும் நுண்ணுயிரும் அதன் மிகுதியைத் தாங்குவதில்லை. பந்தலை அகற்றிவிட்டு வேறு பயிர் வைக்கும் நாளில், இளம் வேர் கருகி நிற்கும்போதுதான் அது தெரியவரும். கடுகை விதைத்து உறிஞ்சிவிடலாம் என்றால், ஐந்து டன் உலர்செடியில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வீதம் ஏறியதாகக் கொண்டாலும் ஒரு போகத்துக்கு ஒரு கிலோதான் வெளியேறும். இருநூற்றைம்பது போகம், இருபோக நிலத்தில் நூற்றிருபத்தைந்து ஆண்டு. ஆகவே இந்த மண்ணில் எடுத்துச் சுத்தம் செய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. தெளிப்பைக் குறைப்பதும், தொழுவுரமும் மட்கும் இட்டுச் செம்பைக் கட்டுவதும், மண் அமிலமாகிவிடாமல் காப்பதுமே வழி. அமிலம் கூடினால் அதுவரை கட்டுண்டு கிடந்த செம்பு கரைந்து வேரைத் தேடி வரும்.

மாசுபட்ட இடங்களை இனங்கண்டு மீட்பதற்கான தனி விதிகளை இந்திய அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. கொடைக்கானல் ஆலை மூடி இருபத்து நான்கு ஆண்டு கழித்து வந்த அவ்விதிகள் ஆலை நிலங்களுக்கு உதவக்கூடும். வயல் மண்ணில் சிறுகச் சிறுகச் சேரும் உலோகத்துக்கு அருகிலிருக்கும் கருவி வேறு. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் சோதிக்கப்படும் பன்னிரண்டு கூறுகளில் செம்பும் ஒன்று. பயிருக்குச் செம்பு குறைகிறதா என்று பார்ப்பதற்காக அது சேர்க்கப்பட்டது. ஆகவே பந்தலடி மண்ணில் அந்த எண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அட்டை "போதுமானது" என்றே சொல்லும். அதே கருவி, அதே மண் மாதிரி, அதே கட்டணத்தில் அந்தக் கட்டத்துக்கு மேல்வரம்பு ஒன்றையும் அச்சிட முடியும். பழைய பந்தலடியிலிருந்தும் பந்தல் போடாத வரப்போர மண்ணிலிருந்தும் ஒவ்வொரு மாதிரி எடுத்து, இரு எண்களையும் அருகருகே எழுதவும் முடியும்.